பெரிய நீலம், சின்னச் சிவப்பு

கடை திறக்க ஆறு நிமிடம் இருக்கும்போதுதான் குராமோதோ அந்த அலமாரியைப் பார்த்தார்.

ஜப்பானில், கனசாவா நகரின் அந்தப் பெரிய கடையில் ஐந்தாம் மாடி அவர் பொறுப்பு. சோற்றுக் கிண்ணங்கள் அங்கே எப்போதும் ஜோடியாகத்தான் நிற்கும். கணவனுக்குப் பெரியது, நீலம். மனைவிக்குச் சின்னது, சிவப்பு. பிரித்துக் கேட்டால் கிடையாது.

புதிதாக வேலைக்கு வந்த சினாத்சு அத்தனை ஜோடியையும் பிரித்துப் போட்டிருந்தாள். போதாததற்கு, கிண்ணம் சுடும் சூளைக்காரரிடம் சொல்லிச் சின்ன நீலமும் பெரிய சிவப்பும் வேறு வரவழைத்திருந்தாள். ‘கணவன்’, ‘மனைவி’ அட்டைகளைக் காணோம். அங்கே அவள் கையெழுத்தில் இரண்டே அட்டைகள்: ‘நல்ல பசி’, ‘கொஞ்சம் போதும்’.

என்ன நெஞ்சழுத்தம்!

“என்னம்மா இது, ஊர்ல உள்ள குடும்பத்தையெல்லாம் பிரிச்சு வச்சிருக்கே? மேல உள்ளவங்க பார்த்தா ரெண்டு பேர் வேலையும் போச்சு. எடு எல்லாத்தையும்!”

“முதல்ல வர்றவங்க வாங்கட்டும் சார். வாங்கலேன்னா நானே பழையபடி அடுக்கிடறேன்.”

அதற்குள் கடை திறக்கும் இசை ஒலித்துவிட்டது. இனி அலமாரியைத் தொட முடியாது. வேறு வழியின்றி அவளுக்குப் பக்கத்திலேயே நின்று, வருபவர்களுக்குக் குனிந்து வணங்கினார். குனிந்ததில் சட்டைப் பையிலிருந்த ஜீரணப் பொடிப் பொட்டலம் சரசரத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது இல்லாமல் அவருக்கு ஆகாது.

முதலில் வந்தது ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் நேராகப் போய்ப் பெரிய சிவப்பைத் தூக்கினாள்.

“ஏங்க, இதப் பாருங்க! இனிமே ரெண்டாவது தடவை சோத்துக்கு நான் எழுந்து போக வேணாம்.”

சின்ன நீலத்தை எடுத்த கணவர், பணம் கட்டும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.

இருபத்தாறு வருஷம் இதே மாடியில் நின்றும் தனக்குத் தோன்றவில்லையே! சரியான கில்லாடிப் பெண்தான் என்று மனசு நிறைந்து நினைத்தார் குராமோதோ.

“அலமாரி அப்படியே இருக்கட்டும்மா.”

சினாத்சு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“யாருக்கு இது?”

“கேன்டீன்ல நான் உங்க எதிர்லதான் சார் சாப்பிடறேன்.”

கேன்டீனில் பரிமாறும் அம்மாள், ஆண் என்றால் கேட்காமலே சோற்றைக் குவித்துவிடுவாள். ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் மரியாதை இல்லை. கடைசி நாலு வாயை அவர் தேநீரை ஊற்றித்தான் விழுங்குவார். அதை யாரும் பார்ப்பதில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்தார். சின்ன நீலம். திருப்பிப் பார்த்தார்.

அடியில் சூளைக்காரர் சின்ன நீலத்துக்குப் போட்ட வரிசை எண்: ஒன்று.