அரை டன் கரி

"ஐயா, தனியாளா இவ்வளவு கரியையும் எப்போ உள்ள தள்ளப் போறீங்க?"

ஷவலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார் எர்வின். காலையிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். அவர் வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு அரை டன் நிலக்கரி கிடந்தது. பதினோரு பேர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இருட்டறதுக்குள்ள எடுக்கலேன்னா நகராட்சிக்காரன் அபராதம் தீட்டிடுவான், தம்பி. முதுகு வேற மக்கர் பண்ணுது."

கேட்டவன் தாதேயுஷ். போன வாரம்தான் மூன்றாவது வீட்டுக்குக் குடிவந்தவன். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான்.

"கொடுங்க அதை."

நிலவறை ஜன்னல் வழியாகக் கரி தடதடவென்று இறங்கியது.

"முன்னல்லாம் நம்ம இந்த சைலீசியாச் சுரங்கச் சீமை முழுக்க வீட்டுக்கு வீடு சுரங்கத்து லாரி வந்து கொட்டும். ஒரு வாசல்ல கரி விழுந்தா தெருவே ஷவலோட வந்து நிக்கும். யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். முடிஞ்சதும் பீர், பொரிச்ச சாசேஜ், கொஞ்சம் சண்டை."

"இப்போ?"

"சுரங்கத்தை மூடிட்டான். எரிவாயு வந்திருச்சு. குழாய்ல வர்றதுக்கு எவன் தயவு வேணும்?"

"சீனாவுல, இந்தியாவுல இன்னும் மலைமலையா எரிக்கிறாங்களாமே!"

"அப்போ நான் அங்கதான் பொறந்திருக்கணும்."

எர்வின் சிரித்தார். மனைவி எல்ஃப்ரீதா போனபிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் டி.வி.தான். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துப்போய் கசகசா கேக் வெட்டினார். மேசையில் இரண்டு கோப்பைகள் தயாராக இருந்தன.

"வீடு நல்லாக் கதகதன்னு இருக்கு. என்ன இருந்தாலும் கரி கரிதான்யா!" என்ற தாதேயுஷ், கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். "வரேங்க."

'சும்மாவாவது வாயேன்' என்று சொல்ல எர்வினுக்கு நா எழவில்லை. வேலையில்லாமல் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை.

அவன் தலை மறையும்வரை கையசைத்துவிட்டு, எரிவாயு ஹீட்டரைக் கொஞ்சம் தணித்தார். கரியடுப்பைப் பிடுங்கிப் போட்டு நாலு வருஷமாகிறது.

வாளியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். தினம் பத்து வாளியாகக் கொல்லைக்கு ஏற்றினால்தான், அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் அத்தனை கரியையும் மறுபடி நடைபாதையில் கொட்ட முடியும்.