பக்கத்து வீட்டுத் தாளம்

பரமக்குடிக்குக் குடிவந்து மாதங்களாகியும் நாகவல்லியின் வயலினுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லத் தாளம் கேட்டது. இவள் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. இவள் நிதானித்தால் அதுவும் நிதானித்தது.

"பக்கத்துலயே ஆளை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம்" என்று கணவனையும் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த கோதண்டம், "நானே வரணும்னு இருந்தேம்மா" என்றார்.

"இனிமே சேர்ந்தே வாசிப்போம்ணே."

"நீங்க நல்லா வாசிங்க. ஆனா கடைசியில அம்புட்டு வேகம் மட்டும் வேணாம்மா. என்னை அறியாம கையும் காலும் ஓடி, தறியில நூல் அறுந்து அறுந்து போகுது."