சிவக்காத குடுவை

காற்று குறைந்தால் குடுவையில் வளரும் பாக்டீரியாவின் ஹீமோகுளோபின் மரபணு விழித்துக்கொள்ளும், குடுவை சிவக்கும். ஆராய்ச்சி மாணவி இரண்டு வருடமாகத் தினமும் மாலையில் மூடியை இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஒருநாள்கூடச் சிவக்கவில்லை.

"இந்த வாரத்தோட மூட்டை கட்டிடும்மா," என்றுவிட்டார் பேராசிரியர்.

இன்று காலை குடுவை சிவந்திருந்தது.

"என்னம்மா மாத்தினே?"

"ஒண்ணுமே மாத்தலை சார். எப்பவும்போலத்தான் மூடினேன்."

இருவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கையில், கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்தாள். குடுவையைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"உள்ளே உசிர் இருக்குன்னு நீதானேம்மா சொன்னே? தினமும் சாயங்காலம் நீ கிளம்பினப்புறம் நான்தான் மூடியைத் தளர்த்திவிட்டுப் போவேன். நேத்து ஒருநாள் லீவு போட்டேன், உங்கள்ல ஒருத்தருக்கும் மனசு வரலையா? பாவம், மூச்சு முட்டிச் செவந்துபோயிருக்கு!"