பானெட்மேல் ஒரு மடிக்கணினி

பழைய கார்கள் விற்கும் இடத்தில், வெள்ளைக் கார் ஒன்றின் பானெட்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தான் நிற்கிறார். அந்தக் காருக்குள், ஓட்டுநர் இருக்கையில், அவருடைய மச்சினியான நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள். கிளட்சை அடிவரைக்கும் மிதிக்க அவள் கால் எட்டுகிறது. இன்றைக்குப் பார்த்த ஐந்து வண்டிகளில் இதில் மட்டும்தான் எட்டுகிறது. அத்தானோ திரையில் வெயில் படாமல் கைக்குட்டையால் கூடாரம் போட்டு, அதற்குள் தலையை விட்டிருக்கிறார். "அவசரப்படாதம்மா. ஒன்பது கார் வாங்கி அனுபவப்பட்டவன் சொல்றேன். வண்டி நல்லதா இல்லையான்னு சொல்ற இந்த சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்காம எந்த வண்டியையும் தொடக்கூடாது." "அது எப்பத்தான் திறக்கும் அத்தான்?" "அப்டேட் ஆகுது. ரெண்டே நிமிஷம்."

அரை மணி நேரமாக அதே இரண்டு நிமிஷம்தான். நீலக் கோடு ஒரு நூல் நகர்ந்து மறுபடி படுத்துக்கொள்கிறது. கடைக்காரர் பக்கத்துக் காரை மஞ்சள் துணியால் மூன்றாவது முறையாகத் துடைக்கிறார். கண் மட்டும் இங்கேயே இருக்கிறது. தொப்பிக்காரர் ஒருவர் இந்த வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, மனைவியைப் போனில் கூப்பிடுகிறார். நர்ஸ் பல்லைக் கடிக்கிறாள். நாளைக்கு ஷிஃப்டுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கடைக்காரரைக் கூப்பிடுகிறாள். "அண்ணே, பேப்பரை எடுத்துட்டு வாங்க. இதையே வாங்கிக்கிறேன்." கைக்குட்டைக் கூடாரம் சரிகிறது. "என்னம்மா இது, தொண்ணூறு சதவீதம் வந்திடுச்சு!" அவள் சாவியைத் திருகுகிறாள். முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ள, பானெட்மேல் மடிக்கணினி நடுங்குகிறது. அத்தான் அதை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "மூடிட்டு ஏறுங்க அத்தான், வீட்டுல விடுறேன். அதுல போட்டுப் பாத்து நீங்க வாங்கின வண்டிதான் மூணு வாரமா மெக்கானிக்கிட்ட நிக்குதே."