பெஞ்சின் மேல் ஒரு பை

மூன்றாவது முறையாக அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான் ஹப்தோம்.

எதிரே, தேர்வு நடத்தும் டார்லீன். மேசை மேல் ஒரு புகைப்படம். பேருந்து நிறுத்தம், பெஞ்சு, பெஞ்சின் மேல் ஒரு பை. ஆள் இல்லை.

பையை விட்டுப் போனவனுக்கு என்ன ஆகியிருக்கலாம்? ஆங்கிலத்தில் மூன்று யூகம் சொல்ல வேண்டும். சொன்னால் சான்றிதழ், கனடா குடியுரிமைக்கு மனு போடலாம். சொல்லாவிட்டால் வின்னிபெக்கின் இன்னொரு குளிர்காலம் இதே ஆங்கில வகுப்பில்.

முந்தைய இரண்டு முறையும் அவன் சொன்னது ஒரே பதில்தான். தெரியாது.

ஆங்கிலம் வராமல் இல்லை. பன்றி இறைச்சி ஆலையில் நான்கு வருடம். சூப்பர்வைசரோடு சண்டை போடும் அளவுக்கு வரும். யூகம்தான் வராது. அகதி விசாரணைக்கு முன்னால் அவன் நாட்டு எரித்திரியாக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றையே சொல்லி அனுப்பினார்கள்: 'இருக்கலாம்' என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, பொய்க்காரன் என்று எழுதிவிடுவார்கள்.

அதை அவன் சொல்லக் கேட்டுத்தான் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நோஹேமி காலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், இது வெறும் படம்யா. யாரு வந்து சரிபார்க்கப் போறா? வாய்க்கு வந்தத அடிச்சு விடு!"

ஹப்தோம் படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தண்ணி பிடிக்கப் போயிருக்கலாம்."

டார்லீன் ஒரு கோடு போட்டாள்.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே லாரி கிளம்பியிருக்கலாம்."

இரண்டு.

"பின்னாடியே கத்திக்கிட்டு ஓடி வந்திருக்கலாம். லாரிச் சத்தத்துல யாருக்கும் கேக்காமப் போயிருக்கலாம்."

"போதுங்க, போதும். பாஸாயிட்டீங்க."

அவன் நிறுத்தவில்லை.

அடுத்த லாரியில் ஏறியிருக்கலாம். கெய்ரோ போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்கே டாக்சி ஓட்டிக்கொண்டிருக்கலாம். கல்யாணம் ஆகியிருக்கலாம். வாயாடிப் பெண்டாட்டி வாய்த்திருக்கலாம். தொப்பை விழுந்திருக்கலாம்.

டார்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படத்துல இருக்கிறது பஸ் ஸ்டாப்புங்க. லாரி எங்கேருந்து வந்துச்சு?"

ஹப்தோமும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து வருடம் முன்பு, விசாரணையில், நாட்டை விட்டு வரும் வழியில் லாரியைத் தவறவிட்ட தம்பி ஃபில்மோன் எங்கே என்று அவனைக் கேட்டார்கள். செத்துவிட்டான் என்று சொன்னான். தேதியும் சேர்த்தே சொன்னான்.

"இன்னும் ஒரு 'இருக்கலாம்' இருக்குங்க," என்றான் ஹப்தோம். "சொல்லிக்கிறேன்."