கொஞ்சம் இருங்க

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபின் முதல் ரத்தப் பரிசோதனை. பழக்கத்தில் அவள் இடது கையை நீட்டுகிறாள். “அது ஆபரேஷன் பண்ண பக்கம், வேணாம்க்கா,” என்று நர்ஸ் வலது கையைப் பிடிக்கிறாள். ஜன்னல் வெயிலில் குழாய்க்குள் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறுகிறது. “கொசுவுக்கே ஒரு சொட்டு குடுக்க மாட்டா. உங்களுக்குத் தாராளமா குடுக்கறா,” என்கிறார் கணவர். “வேற எங்கயாவது பரவியிருக்கான்னு இதுல தெரிஞ்சுடுமா?” என்று அவள் கேட்கிறாள். “ஓரளவு சொல்லிடுவாங்கக்கா.” குழாயில் பெயரை ஒட்டிவிட்டு நர்ஸ் திரும்புகிறாள். அவள் சட்டென்று நர்ஸின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கிறாள். “கொஞ்சம் இருங்க. இன்னிக்கு அனுப்ப வேணாம்.” கணவர் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். அவர் விரல்கள் அவளுடையதைவிடச் சில்லிட்டிருக்கின்றன.