சம்மனசு வேர்

"எரிஞ்சுதா, எரியலையா? அதை மட்டும் சொல்லுங்க."

கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் கேட்டதுமே, வேலுத்தாய் மகளை முந்திக்கொண்டாள்.

"எரியவே இல்லய்யா. குளுகுளுன்னு இருந்துச்சாம். உங்க கைராசி அப்படி."

மிக்கேல்ராஜின் முகம் செத்துப்போயிற்று.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் ரோட்டில், மாதா கோயிலை ஒட்டிய சின்னத் தர்ம ஆஸ்பத்திரி அது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் சளி, பேதி, தேள்கடி எல்லாவற்றுக்கும் மிக்கேல்ராஜ்தான்.

வேலுத்தாயின் மகள் வெயிலுகந்தம்மாளுக்கு வருகிற வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாகலாபுரம். பூ வைத்துப் பேசி முடித்த பிறகுதான், பெண்ணின் முழங்கைக்குக் கீழே எட்டணா அகலத்துக்குத் தோல் வெளுத்திருப்பதை மாப்பிள்ளையின் அக்கா பார்த்தாள். பெருவியாதி, அதாவது குஷ்டம், என்றால் கல்யாணம் கிடையாது. இல்லையென்று கோயில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மிக்கேல்ராஜ் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் சீட்டு வாங்க வந்த சொந்த மச்சினனையே விரட்டிவிட்டவர் அவர்.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவர் அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புக் குப்பியை எடுத்தார். ஊர் திரும்பிவிட்ட வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன ஏஞ்சலிக்கா வேரின் தைலம். மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரே கனவில் வந்து காட்டிக்கொடுத்த வேர் என்று சாமியாரின் நாட்டில் சொல்வார்களாம். அதனால் இங்கே அது சம்மனசு வேர். வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் வயிற்றுப் பொருமல் அடங்கும், நெஞ்சுச்சளி இளகும். தைலத்துக்கு வேலை வேறு.

அதில் நாலு சொட்டு விட்டுப் பெண்ணின் வெளுப்பில் தன் கையின் வெளி ஓரத்தாலேயே தேய்த்தார். தனியாக நின்றால் பயப்படுமே என்று, சித்திரை மாத உச்சிவெயிலில் அவரும் கூடவே கால்மணி நேரம் நின்றார். பிறகு அவளைக் கழுவிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் தேள்கடி என்று ஓர் ஆளை மாட்டுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். தைலக் கையோடு அப்படியே ஓடினார்.

எதற்கு இந்தச் சோதனை என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நல்ல பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

உள்ளே அடுப்பில் கஷாயம் பொங்கியது. துணி தேடாமல் வெறுங்கையாலேயே சட்டியை இறக்கி வைத்தார். கம்பவுண்டருக்கு இரும்புக் கை என்று ஊரில் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார். "எரியலைன்னா நான் எழுதித் தர முடியாதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரை இருக்கு, சுகமாயிரும். ஆனா வைகாசில கல்யாணம்னா..."

"எரியலைன்னா நல்லதுதானய்யா?" வேலுத்தாய் ஓரடி முன்னால் வந்தாள்.

அதுவரை தலை குனிந்திருந்த வெயிலுகந்தம்மாள் முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். வெளுப்பும் அதைச் சுற்றிய தோலும் கன்றிச் சிவந்து, கொப்புளித்திருந்தன.

"அம்மா பொய் சொல்லுதாய்யா. ரெண்டு ராவா நான் உறங்கல. நெருப்புக் கங்கை அள்ளி வச்ச மாதிரி காந்துது. எரிஞ்சுதுன்னா பெருவியாதின்னு எழுதிருவீயன்னு பயந்துட்டா."

மிக்கேல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவி தாயே, நல்லா பயங்காட்டினீய," என்றார். "இந்த வேர்ல ஒரு சத்து இருக்கு. இருட்டுல சும்மா கெடக்கும். வெயிலு பட்டுதுன்னா முழிச்சுக்கிட்டுத் தோலைச் சுட்டுரும். அந்த நாட்டுல இதைத் தோண்டுதவங்களுக்கே கையெல்லாம் கொப்புளம் வருமாம். யாரு தோலானாலும் சுடும். ஆனா பெருவியாதி கண்ட இடத்துல உணர்ச்சி செத்துப்போயிரும். கொப்புளம் வரும், எரியுதது தெரியாது. உங்க மகளுக்கு எரிஞ்சுதுல்லா? அவளுக்கு நிறம்தான் போயிருக்கு. நோயில்ல."

வேலுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மிக்கேல்ராஜ் கையை மேசையில் ஊன்றி, நிதானமாக எழுதினார். பெண்ணுக்குப் பெருவியாதி இல்லை, கல்யாணத்துக்குத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

தாளை வாங்கிய வெயிலுகந்தம்மாள் நகரவில்லை.

"தாளோட ஓரம் நனைஞ்சிருக்கய்யா," என்றாள். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தாள். "ஐயோ, உங்க கையிலயும் கொப்புளம் வந்து ஒடஞ்சிருக்கே. எனக்காகத்தான வெயில்ல நின்னீய. ரொம்ப எரியுதோ?"

மிக்கேல்ராஜ் கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, கையின் வெளி ஓரம் முழுக்கக் கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. இடது கையால் அதை மெல்லத் தொட்டார். பிறகு அழுத்தினார்.

"ஆமா தாயீ, ரொம்ப எரியுது," என்று தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னார்.